முக்கொம்பனும் கல்லமேட்டுக் கால் எலும்பும்

(வீரகேரளம்புதூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவு)



அமெரிக்காவின் கொலராடோப் பகுதியில், டென்வர் நகரையடுத்த நிலத்தில், 1887ஆம் ஆண்டு இரண்டு கொம்புகள் கிடைத்தன. மண்டையோட்டின் ஒரு துண்டும் அவற்றோடு ஒட்டியிருந்தது. அவை ஓத்னியல் சார்லசு மார்சு என்னும் பேராசிரியரின் கைக்குச் சென்றன. தொல்லுயிர் ஆய்வில் அந்நாள் உலகம் மதித்த பெரும்புலவர் அவர். கொம்பைக் கண்டதும் அவருக்கு மாட்டின் நினைவே வந்தது. முன்னொருகால் வாழ்ந்து மறைந்த பெருங்காட்டெருதின் கொம்பே இஃது என முடிவு கட்டி, அதற்கொரு புதுப்பெயரும் சூட்டி அச்சேற்றிவிட்டார்.

அடுத்த ஈராண்டில் வயோமிங்குப் பகுதியிலிருந்து வேறு செய்தி வந்தது. மாடு மேய்ப்போர் ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் கொம்புடைய பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டிருந்தனர். மார்சின் உதவியாளரான சான் பெல் ஆச்சர் அங்குச் சென்று அதனை அகழ்ந்து அனுப்பினார். எருதுக்கு இல்லாத மூன்றாவது கொம்பு அதன் மூக்கின்மேல் இருந்தது. பிடரியில் முறம் போன்ற எலும்புத் தகடு விரிந்திருந்தது. வாயின் முனையோ கிளியலகு போன்றிருந்தது. மார்சு 1889இல் அதற்கு 'மூன்று கொம்புடைய முகத்தது' எனப் பொருள்படும் திரைசெரடாப்சு என்னும் கிரேக்கப் பெயரை வைத்தார். டென்வரில் கிடைத்த கொம்புகளும் எருதினுடையவை அல்ல, இத்தகைய தொல்விலங்கினுடையவையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெரும்புலவரின் கூற்றையும் மாற்றியது எது? எலும்பு. முதலிற் கிடைத்த கொம்புகள் தூக்கியெறியப்படாமல் காக்கப்பட்டிருந்தன. புதியவை வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் அரியலூருக்கு வரும்போது இது வேண்டப்படும்.

கிரேக்கத்தில் மூன்று சொற்களை ஒட்டி ஆக்கிய பெயரைத் தமிழில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடலாம்: முக்கொம்பன். காவிரி பிரியுமிடத்தில் முக்கொம்பு என்றோர் ஊர்ப்பெயரே நமக்கு இருக்கிறது. கொம்பு என்னும் சொல் விலங்கின் கொம்பையும், மரத்தின் கிளையையும், ஊதுகருவியையும் ஒருங்கே குறிக்கும் வளமுடையது. டைனோசர் என்று மேலையர் வழங்கும் விலங்குக் குடியைத் தமிழில் தொன்மா என்பர். மா என்பது விலங்கு. தொன்மை வாய்ந்த மா, தொன்மா. ஆகலின் இவ்வுரையில் முக்கொம்பன் என்பது திரைசெரடாப்சையும், தொன்மா என்பது டைனோசரையும் குறிக்கும்.

முக்கொம்பன் ஏறத்தாழ 6 கோடியே 80 நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை வட அமெரிக்காவின் மேலைப் பகுதியில் வாழ்ந்தது. அலகு முதல் வால் நுனி வரை 26 முதல் 30 அடி நீளம். இடுப்பளவில் ஏறத்தாழ 10 அடி உயரம். எடை 6 முதல் 9 டன் வரை இருக்கும் எனக் கணக்கிடுகின்றனர். குற்றால மலைக்கு அப்பால் உலவும் ஆண் யானை 4 அல்லது 5 டன் எடையுடையது. சங்கப் புலவர் ஆமா என்று பாடிய காட்டா ஒரு டன்னைத் தொடும். ஒரு யானையும் மூன்று நான்கு காட்டாக்களும் சேர்ந்து ஓருடலாய் நடந்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதன் தலை மட்டும் 8 அடி வரை நீண்டிருந்தது. புருவத்தின் மேலிருந்த இரு கொம்புகளும் 3 அடிக்கு மேல் நீண்டிருந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாறையிற் கிடைத்தது கொம்பன்று. கொம்பின் உள்ளெலும்பு மட்டுமே. மாடு வளர்ப்போர்க்கு இது விளக்க வேண்டாத செய்தி. இறந்த எருதின் கொம்பு சில திங்களில் உறைபோற் கழன்றுவிடும். உள்ளே குறுகிய எலும்புக் குருத்து நிற்கும். மேலுறை நகத்தின் இயல்புடையது. அது மண்ணில் மக்கிப்போகும். முக்கொம்பனின் எலும்புக் குருத்தே 3 அடி எனின், உயிருடன் நின்றபோது உறையோடு கூடிய கொம்பு இன்னும் நீண்டும் கூர்த்தும் இருந்திருக்கும். ஓவியர் வரையும் படங்கள் பல இதனை மறந்துவிடுகின்றன.

அது ஊன் தின்னவில்லை. மரஞ்செடி கொடிகளாகிய நிலைத்திணையையே உண்டு வாழ்ந்தது. தலை தாழ்ந்தே நின்ற விலங்காகலின் உயர்ந்த மரங்களை எட்டியிராது. நிலத்தையொட்டி வளர்ந்தவற்றையும், முட்டிச் சாய்த்தவற்றையும் மேய்ந்திருக்க வேண்டும். அலகினாற் கொய்து, பின்வாயிலுள்ள பற்களால் நறுக்கியது. அப் பல்லமைப்பு வியப்பிற்குரியது. ஒவ்வொரு தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 36 முதல் 40 வரை பல்நிரல்கள். ஒவ்வொரு நிரலிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக 3 முதல் 5 பற்கள். மேற்பல் தேய்ந்து வீழ்ந்தால் கீழ்ப்பல் எழும். ஒரு வாயில் எல்லாமாக 432 முதல் 800 பற்கள் வரை அடங்கியிருந்தன.

மாடு அசைபோடுவதைப் போல அது தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கவில்லை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நேராக இறங்கி வெட்டின. ஆட்டுக்கல்லும் பாக்குவெட்டியும் எவ்வளவு வேறோ அவ்வளவு வேறு மாட்டின் வாயும் முக்கொம்பனின் வாயும். பாக்குவெட்டி வாய் எதற்கு? நாருடைய வன்மையான ஓலைக்கு. பனை வகைகளும், பெரணிகளும், ஈந்து போன்ற தோற்றமுடைய சைக்கசு வகைகளும் அக்காலத்தில் இருந்தன. பனையோலையைப் பல்லாற் கடித்துக் கிழிக்க முயன்றவர்க்கு இவ்வாயின் அருமை புரியும். 2015இல் வெளிவந்த ஆய்வொன்று அப் பற்களை நுணுக்கமாக அறுத்துப் பார்த்து, அவை ஐவகைப் பொருளால் அடுக்கடுக்காக ஆனவை என்று காட்டியது. மென்மையான அடுக்கு முன்னே தேயும்; வன்மையானது பின்னே தேயும்; ஆகலின் பல் தேயத்தேயத் தன்னைத்தானே தீட்டிக்கொண்டது. தீட்டுக்கல் வேண்டாத அரிவாள் என்க.

கொம்பும் பிடரித் தகடும் எதற்கு என்னும் வினாவிற்கு நெடுங்காலம் ஊகமே விடையாக இருந்தது. பின்னர் எலும்பிலுள்ள புண்களை எண்ணிப் பார்த்தனர். முக்கொம்பனின் பிடரித் தகட்டில், மற்றொரு முக்கொம்பனின் கொம்பு தாக்கக்கூடிய இடத்தில், ஆறிய புண்களின் தழும்புகள் மிகுதியாக உள்ளன. புருவக் கொம்புகள் சிறுத்த இன்னொரு வகைத் தொன்மாவின் தகட்டில் அவ்விடத்தில் அத்துணைப் புண்கள் இல்லை. 2009இல் வெளிவந்த இவ் ஒப்பீடு ஒன்றை உறுதியாக்கிற்று: முக்கொம்பன்கள் தம்முள் கொம்பொடு கொம்பு பிணைத்துப் போரிட்டன. இரண்டு கடாக்கள் முட்டிக்கொள்வதைக் கண்டவர்க்கு இதில் வியப்பிராது. பகையோடும் அது பொருதது. தைரனோசாரசு என்னும் பேருருவ ஊன்தின்னித் தொன்மா அதே நிலத்தில் அதே காலத்தில் வாழ்ந்தது. ஒரு முக்கொம்பனின் புருவக் கொம்பு அதன் பல்லாற் கடிபட்டு முறிந்து, முறிந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருக்கிறது. புது எலும்பு வளர்ந்தது எனின் கடிபட்ட விலங்கு சாகவில்லை. தப்பி, அதன்பின்னும் வாழ்ந்தது. மற்றொன்றின் இடுப்பெலும்பிலோ கடித்த பற்குழிகள் பல இருந்தும் ஆறிய அடையாளம் இல்லை. அது தப்பவில்லை, அல்லது இறந்தபின் தின்னப்பட்டது. 6 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் நடந்த இரு நிகழ்ச்சிகளின் முடிவு எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

கன்றுப் பருவத்தில் அதன் புருவக் கொம்பு சிறு முளையே. இளமையில் அது பின்னோக்கி வளைந்து வளர்ந்தது. முழு வளர்ச்சியில் திரும்பி முன்னோக்கிக் குனிந்தது. குட்டி முதல் முதியது வரை பல பருவத்து மண்டையோடுகளை வரிசையாக அடுக்கி வைத்து, 2006இல் ஆர்னரும் குட்வினும் இதனைக் காட்டினர். கொம்பைப் பார்த்தே ஒரு காளையின் அகவையைச் சொல்லும் நம் உழவர்போல, தொல்லுயிர் ஆய்வாளரும் முக்கொம்பனின் அகவைப் பருவத்தைச் சொல்ல வழி பிறந்தது. அது கூட்டமாக வாழ்ந்ததா, தனித்து வாழ்ந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலும் தனித்தனியாகவே எலும்புகள் கிடைக்கின்றன. ஆயினும் மொண்டானாவில் மூன்று இளையவை ஒரே இடத்திற் கிடந்தன. வயோமிங்கில் 2013 முதல் ஆலந்து நாட்டவர் அகழ்ந்த ஓரிடத்தில் குறைந்தது ஐந்து முக்கொம்பன்களின் ஆயிரத்திற்கு மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. அவை தூய்மை செய்து பொருத்தப்பெற்று, 2024இல் இலைடன் நகர அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு நிறுத்தப்பட்டன.

முக்கொம்பனைப் பற்றி இத்துணைச் சொல்ல முடிகிறதே, எதனால்? அவ்விலங்கு அறிவிற் சிறந்ததென்பதாலா? அந்நிலம் உயர்ந்ததென்பதாலா? இரண்டும் அல்ல. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்த ஒவ்வோர் எலும்பும் எண்ணிடப்பட்டு, பேழையில் இடப்பட்டு, யார் வந்து கேட்பினும் எடுத்துக் காட்டும் நிலையில் இருக்கிறது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. பெரிய முக்கொம்பன் ஒன்றின் எலும்புக்கூடு 2021இல் பாரிசு நகரில் ஏலத்தில் விடப்பட்டுத் தனியார் கைக்குப் போயிற்று. அறிவுச் செல்வத்தைச் செல்வர் வீட்டு அணிகலனாக்கும் அச்செயலை ஆய்வாளர் பலர் கண்டித்தனர். எனினும் எலும்பு உலகில் இருக்கிறது.

இனி நம் நிலத்திற்கு வருவோம். சிற்றாற்றுக் கரையில், ஊற்றுமலைக் குறுநிலத்தார் அரண்மனை விளங்கிய இவ்வூரில் தோண்டினால் தொன்மாவின் எலும்பு கிடைக்குமா என்று இளைஞர் கேட்பது இயல்பு. கிடைக்காது. தென்காசி, குற்றாலப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிலத்தின் ஆழத்தில் கடுவெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. தொன்மாக்குடி தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். பிறவாத விலங்கின் எலும்பு எப்படிப் பாறைக்குள் இருக்கும்? எலும்பைக் காத்துவைப்பது ஆற்று மணலும் சேறும் கடல்வண்டலும் படிந்து இறுகிய படிவுப்பாறையே. தமிழகத்தில் அத்தகைய பாறை, முக்கொம்பன் வாழ்ந்த காலத்தையும் அதற்கு முற்பட்ட காலத்தையும் சேர்ந்தது, அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் இருக்கிறது.

அங்கும் முக்கொம்பன் இல்லை. கொம்புடைய இலையுண்ணித் தொன்மாக்கள் ஆசியாவின் வடபகுதியில் தோன்றி வட அமெரிக்காவிற்குப் பரவியவை. அவற்றின் காலத்தில் இந்திய நிலம் ஆசியாவோடு இணைந்திருக்கவில்லை. 8 கோடியே 80 நூறாயிரம் ஆண்டளவில் மடகாசுகரிலிருந்து பிரிந்து, நாற்புறமும் கடல் சூழ வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பெருந்தீவு அது. நருமதைப் பள்ளத்தாக்கில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட இராசசாரசு என்பதன் தலையில் குறுங்கொம்பு ஒன்று உண்டு. ஆயின் அது ஊன்தின்னி. கொம்பு ஒன்றே பற்றி அதனை முக்கொம்பனுக்கு உறவாக்குவது, ஆட்டுக்கும் மானுக்கும் தாலி கட்டுவது போலாம்.

அரியலூரின் கதை நெடியது. 1840களிலேயே அங்குள்ள கடற்சிப்பிகளும் சுருள்நத்தைகளும் வெளிநாட்டார் கண்ணிற் பட்டன. பிளான்போர்டு என்பார் 1860களில் அப் பாறைகளை அடுக்கு அடுக்காக வகுத்து எழுதினார். சார்லசு ஆல்பிரடு மேட்லி என்பார் அங்குத் தொன்மா எலும்புகளை அகழ்ந்து 1929இல் அறிக்கை வெளியிட்டார். பின்னர் யாதகிரி, ஐயாசாமி என்னும் நிலநூலார் இருவர் 1979இல் ஒரு தொன்மாவைப் பற்றி எழுதினர். முதுகில் தகடுகளும் வாலில் முள்ளும் உடைய இலையுண்ணி எனக் கூறி, திராவிடோசாரசு என்று பெயரிட்டனர். பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலர்க்குத் தோள் நிமிர்ந்தது. மேடைகளிலும் அப்பெயர் முழங்கியது. ஆனால் 1996இல் சாட்டர்சி, உருத்திரா என்னும் இருவர், இது தொன்மாவே அன்று, கடலில் நீந்திய பிளீசியோசார் என்னும் ஊர்வனவற்றின் எலும்பு என மறுத்தெழுதினர். அம் மறுப்பையும் ஏலாதார் உளர். பெயரில் திராவிடம் இருப்பதால் ஒரு பக்கம் நிற்பதும், மறுத்தவரின் ஊர் நோக்கி மறுபக்கம் நிற்பதும் அறிவுக்கு அடுத்த செயல் அல்ல. தகட்டையும் மண்டையோட்டையும் மேசையில் வைத்துத்தான் வழக்கைத் தீர்க்க வேண்டும்.

வருத்தத்திற்குரியது அடுத்தது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மணற்பாறையும் களிப்பாறையும் ஆறுகள் படியவைத்தவை. முக்கொம்பனின் இறுதிக் காலத்தோடு ஒத்தவை. அங்குக் கிடைத்த பேரெலும்புகளுக்கு அவ்விருவரும் 1980களின் பிற்பகுதியில் பிருகத்காயோசாரசு என்று பெயர் வைத்தனர். பேருடற்பல்லி என்பது பொருள். தமிழ்நிலத்து விலங்கிற்கு வடமொழியும் கிரேக்கமும் கலந்த பெயர். பேருடலன் என்று ஒரு சொல் போதுமே! கிடைத்தவற்றுள் ஒன்று முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு. அதன் நீளம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. தென் அமெரிக்காவின் புகழ்பெற்ற பெருந்தொன்மாவாகிய அர்செண்டினோசாரசின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். வாயிலில் தலை குனிந்து நுழையும் நெட்டையனும் அவ்வோர் எலும்பின் உயரத்திற்கு வரமாட்டான்.

முதலில் அதனை ஊன்தின்னி என்று எழுதினர். பின்னர் 1990களில் வேறு ஆய்வாளர், அது நெடுங்கழுத்து இலையுண்ணியே என்று வகை மாற்றினர். அதுவே இன்று பெரும்பாலார் கொள்கை. அவ்வாறாயின் அதன் வாழ்வு முக்கொம்பனின் வாழ்வுக்கு நேர் எதிரானது. அதன் உறவினங்கள் மெல்லுவதே இல்லை. குச்சி போன்ற பற்களால் இலையை உருவி அப்படியே விழுங்கின. செரிப்பித்தல் முழுதும் வயிற்றின் வேலை. மெல்லும் பற்களும் அவற்றைத் தாங்கும் கனத்த தலையும் வேண்டாமையால் நீண்ட கழுத்தின் நுனியில் சிறு தலை போதியதாயிற்று. நின்ற இடத்திலிருந்தே சுற்றிலும் மேய முடிந்தது. முக்கொம்பன் தலையை வளர்த்தது. பேருடலன் கழுத்தை வளர்த்தது.

இதற்குமேல் கல்லமேட்டுப் பேருடலனைப் பற்றிச் சொல்ல இயலவில்லை. எடை 100 டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டாரும் உளர். அக் கணக்கைச் சரிபார்க்க எலும்பு வேண்டும். எலும்பு இல்லை. நொய்ந்த பாறையிலிருந்து எடுக்கப்பட்ட அவை ஈரத்திலும் மழையிலும் இற்று, உதிர்ந்து, இல்லாமற்போயின. எஞ்சியவை கோட்டோவியங்களும் சில ஒளிப்படங்களுமே. வெளிவராதிருந்த ஒளிப்படங்களை ஐயாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் 2022இல் வெளியிட்டனர். அதற்கு முன், அது எலும்பே அன்று, கல்லாய்ப்போன மரமாக இருக்கும் என்று சொன்னவர்களும் இருந்தனர். மறுத்துக் காட்ட நம் கையில் ஒரு துண்டும் இல்லை.

கல்லாய்ப்போன மரம் என்றதும் சாத்தனூர் நினைவுக்கு வரும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. தஞ்சைத் தமிழரான நிலநூலார் மா. சீ. கிருட்டிணன் 1940இல் அதனைக் கண்டறிந்து உலகிற்கு உணர்த்தினார். அதற்கு வேலியிட்டனர், தேசிய நினைவுச்சின்னம் என்று பலகை வைத்தனர். இன்றும் எவரும் சென்று பார்க்கலாம். மரம் நிலைத்தது; அதே வட்டாரத்துப் பேரெலும்பு மறைந்தது.

மறைந்ததை நினைந்து இல்லாததைப் புனைவதும் நம்மிடையே நிகழ்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. தொன்மாவின் முட்டைகள் என்று நாடெங்கும் செய்தி பரவிற்று. வல்லுநர் வந்து பார்த்து, அவை கடற்சுருள்நத்தைகளைச் சூழ்ந்து திரண்டு இறுகிய கல்லுருண்டைகள் என்றனர். முட்டை இல்லை என்றதும் வந்த கூட்டம் கலைந்தது. கடலே இல்லாத குன்னத்தில் கடல்நத்தை எப்படி வந்தது என்று கேட்டு நின்றவர் சிலரே. பார்க்கப்போனால் முட்டையைவிட அதுவன்றோ பெரிய செய்தி!

கல்லமேட்டுப் பாறை இன்னும் தீர்ந்துவிடவில்லை. அங்கிருந்து கிடைத்த ஒரு சிறு பல்லை ஆய்ந்து, பறவைகளுக்கு நெருங்கிய உறவான துரூடான் வகைத் தொன்மாவினது என 2013இல் ஆய்வாளர் எழுதினர். விரல் நகத்தினும் சிறிய அப் பல் இருக்கிறது. ஆறரை அடி எலும்பு இல்லை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென அருங்காட்சியகம் ஒன்று எழுப்பப்பட்டிருப்பதும் நற்செய்தியே. இங்கிருந்து அவ்வழிச் செல்லும் இளைஞர் அதனைக் காணாமல் திரும்பற்க.

அப்பகுதி வயல்களிலோ ஓடைகளிலோ எலும்பு போன்ற கல் தென்படின் அதனைப் பெயர்க்கலாகாது. பெயர்த்தால் எந்த அடுக்கிற் கிடந்தது என்னும் செய்தி அழியும். அச்செய்தி அழிந்தால் அதன் காலமும் அழியும். கிடந்தபடியே, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, நாற்புறமும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு மேலே ஓலையோ சாக்கோ இட்டு மூடிவிட்டு, அருங்காட்சியகத்திற்கோ நிலநூல் பயிற்றும் கல்லூரிக்கோ அன்றைக்கே சொல்லியனுப்ப வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அவர்கள் வந்து சேர வேண்டும்.